என்ன குழம்பு?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். வாய் அதற்கும் ஒரு முழம் முன்னால் நிற்கும் என்று என் கணவர் பிற்பாடு சேர்த்துக்கொண்டார். இரண்டும் உண்மைதான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதர்களைத் தூங்கவைக்கிற வேலைக்கு எப்படிப் போனாய் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர்களில் பாதிப் பேருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் கெடாவில்தான் இருக்கிறார்கள். இந்த வயதில் யாரோடும் புதிதாகச் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது மலாயாவில் அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள் ஆயுதத்தோடு பதுங்கியிருந்தார்கள். நான் பிறந்த ரப்பர் தோட்டம் கரங்கானுக்குப் பக்கத்தில். தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட்டு, கேட்டில் துப்பாக்கியோடு ஆட்கள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் பினாங்கில் மூன்று வருடம் நர்ஸ் படிப்புப் படித்துவிட்டு, ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்தேன். டாக்டர்கள் போதவில்லை. வெட்டுப்பட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரு பக்கம் வந்தார்கள். குடலிறக்கமும் கட்டியும் வழக்கம்போல இன்னொரு பக்கம் வந்தன. அறுப்பதற்கு ஒரு டாக்டர் இருந்தால், மயக்கமருந்து கொடுப்பதற்கு இன்னொருவர் இருக்கமாட்டார். அதனால்தான் நர்ஸ்களில் ஒருத்திக்கு ஆறு மாதம் மேற்பயிற்சி கொடுத்து அந்த வேலைக்கு எடுக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். நான் விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். வார்டில் என் வாய்க்குப் பயந்த சிஸ்டர் மிகவும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவைத்தார்.

பயிற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஐம்பது கேஸ். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: நோயாளி, என்ன ஆப்பரேஷன், எவ்வளவு ஈதர், எப்படி விழித்தார். கடைசியில் பெரிய டாக்டரின் கையெழுத்து. ஐம்பதாவது கேஸ்தான் பரீட்சை. அதை அவர் பக்கத்தில் நின்று பார்த்து, கையெழுத்துப் போட்டால் ஆப்பரேஷன் அறையில் வேலை நிரந்தரம். போடாவிட்டால் திரும்பவும் வார்டு, பெட்பான் கழுவுகிற வேலை.

பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். நெட்டையான மனிதர், பேசமாட்டார், இருமுவார். நல்ல இருமல், கெட்ட இருமல் என்று இரண்டு இருந்தன. எனக்குப் பாடம் சொல்லித்தந்தது அவர் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண் டாக்டர் ஒருவர் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்திருந்தார். அவருடைய அப்பா ரயில்வேயில் உத்தியோகம். என்னைவிட இரண்டு வயதுதான் கூட, சின்ன டாக்டர் என்று கூப்பிடுவோம். முதல் நாளே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம், எதற்கு என்று இப்போது ஞாபகமில்லை.

மயக்கமருந்து என்றால் இப்போது மாதிரி மெஷினும் குழாயும் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு கம்பிக் கூடு, அதன் மேல் மடித்துப் போட்ட மெல்லிய துணி, கையில் ஈதர் பாட்டில். அவ்வளவுதான். பாட்டில் தக்கையின் ஓரத்தில் வெட்டு வெட்டி, அதில் ஒரு திரியை நுழைத்திருப்போம். அந்தத் திரி வழியாகச் சொட்டுச் சொட்டாகத் துணியில் விட வேண்டும். அவசரப்பட்டால் நோயாளிக்கு மூச்சு முட்டும். சோம்பினால் அறுக்கிறபோது எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் ஹாஸ்டலில் கோப்பி வடிகட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தண்ணீரைச் சொட்டவிட்டுப் பழகினேன். ஹாஸ்டல் சமையல்காரம்மாவுக்கு வடிகட்டி கிடைக்காமல் இரண்டு வாரம் எல்லோரும் கசடோடு கோப்பி குடித்தார்கள்.

சொட்டு விடுவது கைவேலை. மற்றதெல்லாம் கண்ணும் காதும். தாடையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்து மூச்சைக் கேட்க வேண்டும். கண்மணியைப் பார்க்க வேண்டும். நகத்தைப் பார்க்க வேண்டும். நகம் நீலம் பாய்ந்தால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். அதற்காக, தொடங்குவதற்கு முன்பே இரண்டு கையின் நகங்களையும் பார்த்து, அதன் இயல்பான நிறத்தை மனதில் வாங்கிக்கொள்ளச் சொல்வார் சின்ன டாக்டர்.

"நகத்தைப் பாராமல் போத்திலைத் தொட்டீரோ, நான் உம்மட விரலை முறிப்பன்" என்பார். சொன்னால் செய்யக்கூடியவர்தான்.

ஈதர் வாசம் தலைமுடியில் ஏறிவிட்டால் மூன்று நாளைக்குப் போகாது. லீவுக்குக் கரங்கானுக்குப் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு ஆள் எழுந்து போய்விடுவார். எனக்கு அது வசதியாகவே இருந்தது, கால் நீட்டி உட்கார்ந்து போவேன்.

முழுவதும் தூங்குவதற்கு முன்னால் ஒரு கட்டம் உண்டு. அதில் சிலர் பாடுவார்கள், சிலர் அழுவார்கள், பலர் திட்டுவார்கள். செர்டாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த, ஆட்களை மேய்க்கிற ஒரு தண்டல், லயத்தில் பெட்டிப்பாம்பாக இருக்கிற மனிதர், மேசையில் படுத்தபடி தோட்டத்துத் துரையை அவருடைய பரம்பரையோடு சேர்த்து நாறடித்தார். பெரிய டாக்டர் கத்தியைக் கையில் பிடித்தபடி என்ன சொல்கிறார் என்று கேட்டார். சாமி கும்பிடுகிறார் என்றேன். பக்திமான் என்று தலையை ஆட்டிக்கொண்டார். சின்ன டாக்டர் முகமூடிக்குள் சிரித்த சிரிப்பில் அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. அன்றிலிருந்து எங்கள் சண்டை கொஞ்சம் குறைந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஈதருக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். சோறு இருந்தால், மயக்கத்தில் வாந்தி வரும், அது மூச்சுக்குழாய்க்குள் போகும், ஆள் போய்விடுவார். அதனால் மேசையில் படுக்கவைக்கும் முன் கடைசித் தடவையாகச் சாப்பிட்டீர்களா என்று கேட்டாக வேண்டும். நான் வந்த புதிதில் ஒரே வாரத்தில் மூன்று கேஸை இந்தக் கேள்வியே ரத்து செய்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் மூன்று பேரும், "ஆச்சும்மா" என்றார்கள். பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, கெட்ட இருமல் இருமிக்கொண்டு போனார்.

சின்ன டாக்டர் என்னிடம் பாய்ந்தார். "இரவு தொடக்கம் ஒண்டும் குடுக்கவேண்டாம் எண்டு எழுதித்தானே வைச்சனான்? பிறகு எப்பிடிச் சாப்பிட்டவை?"

"அவங்க சாப்பிடல டாக்டர்."

"சாப்பிட்டாச்சு எண்டு சொல்லினமே!"

"நம்ம ஆளுங்கள சாப்டியான்னு கேட்டா வேற என்னா சொல்லுவாங்க? இல்லன்னு சொன்னா நீங்க சோறு போடணும்ல? அந்தச் சங்கடம் உங்களுக்கு வேணாம்னு ஆச்சுங்கிறாங்க. பட்டினி கெடந்தாலும் ஆச்சுதான்."

சின்ன டாக்டர் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அப்ப எப்பிடிக் கேக்கிறது?" என்றார்.

மறுநாள் நான் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. மேசையில் கிடந்தவரின் தோளைத் தட்டி, "என்னா கொழம்பு?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கொழம்பா? வயித்துல பச்சத் தண்ணி கூட இல்லம்மா, நீ வேற!" பாட்டிலைத் திறந்தேன். அதற்கடுத்தவரிடம் கேட்டேன். "கத்திரிக்கா. கொஞ்சம் உப்புக் கம்மி" என்றார். பாட்டிலை மூடினேன். காலையில் அவருடைய மைத்துனன் ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டியிருக்கிறான். நம் ஆட்கள் மரியாதைக்காக என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வார்கள், குழம்பில் உப்பு சரியில்லை என்பதை மட்டும் மறைக்கமாட்டார்கள்.

அந்தக் கேள்வி ஆஸ்பத்திரி முழுக்கப் பிரசித்தமாகிவிட்டது. நானாவது சும்மா இருந்தேனா? லீவுக்கு வீட்டுக்குப் போன இடத்தில், குழாயடியில் லயமே கூடி நிற்க, நடித்தே காட்டினேன். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தை.

அத்தை என்றால் உறவு இல்லை. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். அம்மா விடியலில் வெட்டுக்குப் போகும்போது என்னை அவரிடம்தான் விட்டுவிட்டுப் போவார். எனக்கு முதல் சோறு ஊட்டிய கை அவருடையது. அந்த லயத்தில் என் வயதுள்ள எல்லோருக்கும் அப்படித்தான். அவருக்குச் சில மாதங்களாக அடிவயிற்றில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. இந்த வயதில் முழுகாமல் இருக்கிறேன் என்று அவரே கிண்டல் அடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். நான் மயக்கமருந்து கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்த பிறகுதான் சம்மதித்தார். "நம்ம புள்ள தூங்க வச்சா தூங்குறேன்" என்றாராம்.

என் நோட்டில் நாற்பத்தொன்பது வரிகள் முடிந்திருந்த நேரத்தில் ஒரு சேதி வந்தது. பெரிய டாக்டர் சீமைக்குத் திரும்புகிறார். அடுத்து வரப்போகிறவர் நர்ஸ்கள் கையில் ஈதர் பாட்டிலைக் கொடுக்கவே கூடாது என்று கடிதம் எழுதியிருந்தவர். சின்ன டாக்டருக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இல்லை. பெரிய டாக்டரின் கடைசி வேலை நாளில், கடைசிக் கேஸாக, அத்தையின் கட்டியைப் போட்டிருந்தார்கள். அதுவே என் ஐம்பது. அன்று நடக்காவிட்டால் ஆறு மாதப் படிப்பும் வீண், மறுபடியும் பெட்பான்தான்.

அத்தை முந்தின நாளே வந்து வார்டில் படுத்திருக்க வேண்டும். ரோட்டில் எங்கேயோ துப்பாக்கிச் சூடு என்று ஆர்மிக்காரர்கள் மறித்துவிட்டதால், மறுநாள் விடிந்ததும் தோட்டத்து லாரியில் கிளம்பி வந்து இறங்கினார். ஒன்றும் சாப்பிடாமல் போகும்படி தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் சொல்லி அனுப்பியிருந்தார். குளிக்கவைத்து, பச்சைச் சட்டை மாட்டி, ஒன்பது மணிக்கு மேசையில் படுக்கவைத்தார்கள்.

நான் தலைமாட்டில் நின்றேன். பெரிய டாக்டர் கையுறை போட்டுக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணால் ஆரம்பி என்றார்.

"என்னா கொழம்பு அத்தை?"

"கொழம்பா? நேத்து ராத்திரியிலேருந்து பச்சத் தண்ணி படலம்மா" என்றார் அத்தை, நான் குழாயடியில் நடித்துக்காட்டிய அதே மாதிரி. ஆனால் சிரிக்கவில்லை. பயத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இடது கையைத் தூக்கி நகத்தைப் பார்த்தேன். நல்ல வெளிர் சிவப்பு. வலது கையைத் தூக்கினேன்.

நக ஓரமெல்லாம் மஞ்சள்.

முகத்துக்கு மஞ்சள் பூசியிருந்தால் இரண்டு கையும் மஞ்சளாக இருக்கும். ஒரு கை மட்டும் மஞ்சளாவதற்கு நம் ஆட்களிடம் ஒரே காரணம்தான் உண்டு. கழுவிவிட்டிருக்கிறார், ஆனாலும் நகக்கண்ணில் அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

இதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை: பேசாமல் இருந்துவிடலாமா என்று நான் நினைத்தேன். ஒரு மூச்சு நேரம்தான். வாந்தி வராமலும் போகலாம், பல பேருக்கு வந்ததில்லை, வேறு யாரும் அந்த நகத்தைப் பார்க்கவில்லை. அப்படி நினைத்தேன் என்பதே இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அத்தை, சோத்துக் கை மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

அவர் கையைப் பிடுங்கித் துணிக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். சிறு பிள்ளைகள் அவர் முன்னால் அப்படித்தான் ஒளிப்பார்கள். பிறகு பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

"உனக்குத்தாம்மா கொண்டாந்தேன். இன்னிக்குப் பரிச்சைன்னு உங்கம்மா சொல்லிச்சு. பரிச்சைக்கு நிக்கிற புள்ள வெறும் வயித்தோட நிக்குமேன்னு, விடியிறதுக்கு முன்ன எந்திரிச்சு புளிச்சோறு கிண்டுனேன். நெத்திலி பொரிச்சேன். கேட்டுல சோதன போடுற பொம்பள மடிய தடவி எடுத்துருச்சு. ஆக்குன சோறு வெளிய போவக் கூடாதாம். காட்டுக்காரனுக்குப் போயிரும்னு சொல்லுது. ஒண்ணு கொட்டு, இல்ல இங்கயே தின்னுன்னுச்சு. சோத்த எப்புடிம்மா மண்ணுல கொட்டுறது? அதுவும் உனக்குன்னு ஆக்குனத. அங்கயே குந்தித் தின்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் பரிச்சை போயிருமே. வெள்ளக்கார டாக்டரு நாளைக்குப் போறாராம்ல. எனக்கு என்னா ஆவப்போவுது? வந்தா ஒரு வாந்தி. செத்தா சாவுறேன் லா."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! "செத்தா சாவுறீங்களா? என் கையிலயா? எனக்குச் சோறு ஊட்டி வளத்தது இதுக்குத்தானா?" என்று ஆப்பரேஷன் அறை என்றும் பாராமல் கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். பிறகு பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு, பெரிய டாக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்: நோயாளி சாப்பிட்டிருக்கிறார், நான் மயக்கமருந்து கொடுக்கமாட்டேன்.

சின்ன டாக்டர் கேட்டில் நடந்ததையெல்லாம் அவருக்கு மொழிபெயர்த்தார். பெரிய டாக்டர் ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினார். இருமினார். எந்த இருமல் என்று எனக்குப் பிடிபடவில்லை. போய்விட்டார்.

நோட்டை எடுத்து ஐம்பதாவது வரியில் எழுதினேன். நோயாளி: பெண். ஈதர்: இல்லை. காரணம்: புளிச்சோறு. கையெழுத்துக் கட்டம் காலியாகக் கிடந்தது. சின்ன டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அழாதையும்."

"நான் ஒண்ணும் அழல."

"ஆறு மாசத்தில இண்டைக்குத்தான் உம்மட வாய் சரியான நேரத்தில திறந்தது" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

அத்தையை வார்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் நகர்ந்தால் பக்கத்துக் கட்டில் அக்கா பிஸ்கட் நீட்டுவார், எதிர்க் கட்டில் அம்மா வாழைப்பழம் நீட்டுவார். அந்த வார்டின் அன்பை எனக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அத்தை, "கோவமா பாப்பா?" என்பார். "பேசாம படுங்க" என்பேன். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. எனக்கு இறங்காது என்று தோன்றியது, போகவில்லை. மூன்று மணிக்கு ஆட்டெண்டன்ட் தம்பி தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையிலிருந்து தேத்தண்ணி வாங்கிவந்து வைத்தார். அதுவும் ஆறிப்போனது. அன்று சாயங்காலம் கிளப்பில் பெரிய டாக்டருக்குப் பிரிவுபசார விருந்து என்று அவர்தான் சொன்னார்.

நாலரை மணிக்கு வெளியில் கார் சத்தம் கேட்டது. வெள்ளைக் கால்சட்டையும் கிளப் டையுமாகப் பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைந்தார். சட்டையில் ஒரு பூக்கூடக் குத்தியிருந்தது. அத்தை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று என்னிடம் கேட்டார். காலை ஆறரை என்றேன். விரல்விட்டு எண்ணினார். வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பாருங்கள் என்றார். விட்டோம். ஒன்றும் வரவில்லை. அவர் டையைக் கழற்றி என் ஸ்டூலின் மேல் போட்டார். ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், சீக்கிரம் என்றார். அதுவரை அவர் பேசி நான் கேட்டதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

மறுபடியும் தலைமாட்டில் நின்றேன். இரண்டு கை நகங்களையும் பார்த்தேன். கம்பிக் கூட்டை வைத்துச் சொட்டுவிட ஆரம்பித்தேன். அத்தை பாடவில்லை, திட்டவில்லை. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில், "எல்லாம் வரிசையா ஒக்காருங்க, வாயத் தொறங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். கட்டி இளநீர்க் காய் அளவு இருந்தது. கெட்ட கட்டி இல்லை. தையல் போட்டு முடிக்கும்வரை மூச்சு ஒரே சீராகப் போனது.

கை கழுவிவிட்டு வந்து பெரிய டாக்டர் நோட்டைக் கேட்டார். ஐம்பதாவது வரியைப் படித்தார். புளிச்சோறு என்றால் என்ன என்று சின்ன டாக்டரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டார். மயக்கமருந்து கொடுக்காத அந்த வரியில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதற்குக் கீழே நான் ஒரு வரி எழுதும்வரை காத்திருந்து, அதற்கும் போட்டார். இருமினார். நல்ல இருமல்தான். டையை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு காருக்கு ஓடினார். அவருக்காக வைத்த கேக்கை அவர் இல்லாமலேயே வெட்டிவிட்டார்களாம்.

நான் வார்டில் அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொரு வரியுள்ள நோட்டு மடியில் இருந்தது. விளக்குப் போடுகிற நேரம் அவருடைய இமை அசைந்தது. நாக்கால் உதட்டைத் தடவினார்.

"பாப்பா."

"இங்கதான் இருக்கேன் அத்தை. எல்லாம் முடிஞ்சிருச்சு. பாஸாயிட்டேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"சாப்டியா?"

"ஆச்சு அத்தை."

மறுபடியும் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அந்த மஞ்சள் நகத்துக் கை தடவித் தடவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னா கொழம்பு?"